ஒன்றுமில்லை தங்கியிருந்த வீடு

லாரிகளால் பிழைக்கும் ஓர் ஊரில் செங்கோடன் என்று ஒரு டிரைவர் இருந்தார். மீசை சரியாக முளைக்காத வயதிலேயே ஸ்டியரிங்கைப் பிடித்தவர். வீட்டில் இருந்த நாட்களைவிடச் சாலையில் இருந்த நாட்களே அதிகம். அதில் அவருக்குக் குறையும் இல்லை. புது ஊரில் யாராவது "நீங்க யாருங்க?" என்று கேட்டால், பெயரைச் சொல்வதற்கு முன்னால் "டிரைவருங்க" என்றுதான் சொல்வார்.

ஒரு நாள் ஷெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது, நின்ற இடத்திலேயே கை கால் இழுத்துக் கீழே விழுந்தார். வலிப்பு என்றார்கள். நல்ல வேளை, வண்டி ஓட்டும்போது வரவில்லை என்று ஆறுதல் சொன்னார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்லோரையும் போல இருக்கலாம், லாரி மட்டும் இனி ஓட்டக் கூடாது என்றார்.

செங்கோடன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். மனைவி சம்பூரணம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல."

அன்றைக்கு ஆரம்பித்தது. லாரி முதலாளி கேட்டபோதும் அதையே சொன்னார். கூட ஓட்டியவர்கள் வீடு தேடி வந்து கேட்டபோதும் அதே பதில். விடுதியில் தங்கிப் படித்த மகள் தமயந்தி போனில், "அப்பா, குரல் ஒரு மாதிரி இருக்குதுங்களே" என்றபோது, "ஒண்ணுமில்ல கண்ணு" என்றார். தூணைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருக்கும்போதுகூட, யாரும் கேட்காமலே, அந்த வார்த்தை வாயிலிருந்து தானாக வந்தது.

சம்பூரணம் கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கும் வேலைக்குப் போவாள். அவள் கிளம்பிப் போன ஒரு காலை நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், சாம்பல் நிறச் சட்டை போட்ட ஓர் ஆள் நின்றான். கையில் பையோ மூட்டையோ இல்லை. ஒரு முறை பார்த்தால் மறந்துவிடுகிற முகம்.

"யாருங்க?" என்றார் செங்கோடன்.

"ஒன்றுமில்லை."

"பேரைக் கேட்டேன்."

"அதுதாங்க பேரு. ரொம்ப நாளா நீங்கதான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. வந்து சேரக் கொஞ்சம் தாமதமாயிருச்சு."

அவன் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்தான். இனி யார் என்ன கேட்டாலும் நீங்கள் சிரமப்பட வேண்டாம், பதில் சொல்வதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். செங்கோடனுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அவனை இருக்கச் சொன்னார்.

அவன் சொன்னபடியே நடந்துகொண்டான். சாயங்காலம் சம்பூரணம் வந்து, சாப்பிட்டீர்களா, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, செங்கோடனின் குரலிலேயே அவருக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னான். அவள் கண்ணுக்கு அவன் தெரியவில்லை.

நாளாக நாளாக, அந்த வீட்டில் முன்பிருந்தே குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். முதலில் போனது தூக்கம். "கட்டில்ல அவன் காலை நீட்டிப் படுத்துக்கறான். நான் எங்க படுக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனது. பசி சொல்லிக்கொள்ளாமலே போனது. சிரிப்பு எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை. கோபத்தை மட்டும் ஒன்றுமில்லை போகவிடவில்லை. அதை வேலைக்கு வைத்துக்கொண்டான். சம்பூரணம் ஒரு கேள்வியை இரண்டாவது தடவை கேட்டால், கோபத்தைத்தான் முன்னால் அனுப்புவான். ஒரு மதியம் சோற்றுத் தட்டு சுவரில் போய் மோதியது. சம்பூரணம் சிதறிய பருக்கைகளைக் கூட்டி அள்ளினாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

வீடு அமைதியானதும் ஒன்றுமில்லை தன் தம்பியைக் கூட்டிவந்தான். தம்பியின் பெயர் 'எதற்கு'.

எதற்கு அதிகம் பேசமாட்டான். தன் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வான். செங்கோடன் படுக்கையை விட்டு எழுந்தால், "எதுக்கு?" என்பான். குளிக்கத் துண்டை எடுத்தால், "எதுக்கு?" சட்டையை மாட்டினால், "எதுக்கு?" அவன் கேட்பதில் தப்பு இருப்பதாகவும் தெரியவில்லை. முன்பெல்லாம் குளிப்பதும் சட்டை போடுவதும் வண்டி எடுப்பதற்கு. வண்டிதான் இல்லையே.

செங்கோடன் சும்மா இருந்துவிடவில்லை. வேறு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று தேடிப் பார்த்தார். ஒரு குடோனில் காவலுக்கு இருந்தார். உதிரிபாகக் கடையில் உட்கார்ந்தார். எதற்கு அங்கேயும் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கல்யாண மண்டபத்தில் யாரோ வெளியூர்ப் பேச்சாளர் வாழ்க்கையின் பயனைப் பற்றிப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு அதற்கும் போனார். தேடுவது வெளியே இல்லை, கண்ணை மூடி உள்ளே பாருங்கள் என்றார் பேச்சாளர். செங்கோடன் கண்ணை மூடி உள்ளே பார்த்தார். அங்கே அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் காலையில் முகம் மழிக்கக் கண்ணாடி முன்னால் நின்றார். கண்ணாடியில் தெரிந்தது தன் முகமா, பின்னால் நின்றவன் முகமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அதே ஒட்டிய கன்னம், அதே கண். சட்டைகூட ஒரே நிறமாகத் தோன்றியது.

"என் பேரு என்ன?" என்று கேட்டான் பின்னால் நின்றவன்.

"ஒன்றுமில்லை."

"உன் பேரு?"

செங்கோடன் பதில் சொல்லவில்லை.

"அதேதான்" என்றான் அவன். அன்றிலிருந்து அவரை 'நீங்க' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

சில நாள் கழித்து, வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், கிளம்பலாம் என்றான். எங்கே என்று செங்கோடன் கேட்டார். திரும்பி வர வேண்டாத இடத்துக்கு, நீ போனால் எல்லோருக்கும் பாரம் குறையும் என்றான். மறுத்துப் பேச ஏதாவது தோன்றுகிறதா என்று செங்கோடன் தேடினார். ஒன்றும் தோன்றவில்லை. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தார். குழாயில் தண்ணீர் வரும் நாள் அது. எல்லாக் குடங்களையும் அண்டாவையும் நிரப்பி மூடிவைத்தார். போனை அலமாரியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தார். ஒன்றுமில்லை முன்னால் போனான். எதற்கு பின்னால் வந்தான்.

பைபாஸ் சாலையை ஒட்டிப் பொங்கியண்ணனின் பட்டறை இருந்தது. தேய்ந்த லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை. பொங்கியண்ணனும் செங்கோடனும் ஒரே வயது. சொந்தம் இல்லாவிட்டாலும் மாப்பிள்ளை மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நாலு பேரைச் சிரிக்கவைக்காமல் பொங்கியண்ணனுக்கு டீ இறங்காது. எந்த நேரத்தில் அந்தப் பக்கம் போனாலும் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அன்றைக்குச் சத்தமே இல்லை. வேலை நாளில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன் கீழே குனிந்து வெளியே வந்த பொங்கியண்ணன், செங்கோடனைப் பார்த்துவிட்டார்.

"அட, மாப்ள. நீயே வந்துட்டியா? உன்ற வீட்டுக்குத்தான் வரலாம்னு இருந்தேன். உள்ள வா."

போகாதே என்றான் ஒன்றுமில்லை. ஆனால் மறுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். செங்கோடனிடம் அது இல்லை. குனிந்து உள்ளே போனார்.

வேலையாட்களுக்கு லீவு விட்டுவிட்டதாகச் சொன்னார் பொங்கியண்ணன். தரை கழுவி விடப்பட்டிருந்தது. கரி படிந்து கிடக்கும் கருவிகள் எல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, பலகைமேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பட்டறையை இவ்வளவு சுத்தமாகச் செங்கோடன் பார்த்ததில்லை. பொங்கியண்ணன் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து புல்லட் சாவியை எடுத்து நீட்டினார். அந்த வண்டியை யாரும் தொடக்கூட விடமாட்டார் அவர்.

"இதை நீ வெச்சுக்க. நீ ஓட்டக் கூடாதுன்னா தமயந்தி ஓட்டட்டும்."

செங்கோடன் சாவியைப் பார்த்தார். கழுவிய தரையைப் பார்த்தார். சற்று முன்னால், வீட்டில் கடைசிக் குடத்தை மூடியபோது தன் கை எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது பொங்கியண்ணனின் கை. அவசரமும் இல்லை, நடுக்கமும் இல்லை.

"என்னாச்சு மச்சான்?"

"ஒண்ணுமில்ல மாப்ள" என்று பொங்கியண்ணன் சிரித்தார்.

அப்போதுதான் செங்கோடன் அவனைப் பார்த்தார். பொங்கியண்ணனுக்குப் பின்னால், டயர் அடுக்கின் நிழலில், சாம்பல் நிறச் சட்டையோடு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கொழுத்திருந்தான். நெடுநாளாக நல்ல சாப்பாடு கிடைத்தவன் போல இருந்தான். ஒரு கையைப் பொங்கியண்ணனின் தோள்மேல் சொந்தம்போல் போட்டிருந்தான். முகம் மட்டும் அதே முகம்.

செங்கோடன் திரும்பித் தன்னோடு வந்தவனைப் பார்த்தார். மறுபடி அங்கே நின்றவனைப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் தெரியாதது போல வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தன் முகம் என்று நினைத்திருந்தது இன்னொருவர் பட்டறையிலும் நிற்கிறது. அப்படியானால் இது என் முகம் இல்லை, இவன் யாரோ, வந்தவன் என்று செங்கோடனுக்கு உறைத்தது.

"வா போலாம்" என்று காதருகே சொன்னான் ஒன்றுமில்லை. "அவனே ஒண்ணுமில்லைங்கறான். நீ எதுக்கு நோண்டற?"

செங்கோடன் நகரவில்லை.

"மச்சான், என்னாச்சுன்னு கேட்டேன்."

பொங்கியண்ணனின் சிரிப்பு போய்க் கோபம் வந்தது. சாவியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே, குறுக்கு விசாரணை எதற்கு என்று கத்தினார். அந்தக் கோபத்தைச் செங்கோடனுக்கு நன்றாகத் தெரியும். அது யார் அனுப்பி வருகிறது என்பதும் தெரியும். ஒரு டயரை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைத் தொண்டைவரை கொண்டுவருவதற்குள், நிறைந்த லோடோடு மேட்டில் ஏறும் வண்டியைப் போல அவர் உடம்பு அதிர்ந்தது.

"மச்சான், நான் இன்னைக்குத் திரும்பி வூட்டுக்குப் போற நெனப்புல வரல."

வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பொங்கியண்ணன் நின்ற இடத்திலேயே மெல்ல மடிந்து, ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

"நீ வரலைன்னா நானும் இருந்திருக்க மாட்டேன், மாப்ள" என்றார்.

அவர் அழுததைச் செங்கோடன் அதற்கு முன் பார்த்ததில்லை. அழுகைக்கு நடுவே அவர் பேசினார்.

"உனக்காவது காரணம் இருக்குது. வண்டி போச்சு. எனக்கு என்ன கொறை, சொல்லு. பட்டறை ஓடுது. பையன் வேலைக்குப் போயிட்டான். காரணமே இல்லாம ஒருத்தன் யார்கிட்டப் போய் அழுவான்? வெக்கமா இருக்குது. சிரிச்சுக்கிட்டே இருந்தா எவனும் கேக்கமாட்டான்ல. அதான் சிரிச்சேன்."

"உனக்குப் பின்னால ஒருத்தன் நிக்கறான்" என்றார் செங்கோடன்.

"தெரியும். ரொம்ப வருசமா நிக்கறான். உனக்கு எப்படித் தெரியுது?"

"என்ற வூட்லயும் இருக்கான். இதோ, கூடத்தான் வந்திருக்கான். பாரு, அதே மூஞ்சி."

பொங்கியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டு பேர் சேர்ந்து பார்த்ததில் அந்த இருவரும் நெளிந்தார்கள். கொழுத்தவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஆம்பளைங்க இதெல்லாம் பேசிக்க மாட்டாங்க" என்றான்.

"பேசிட்டோம்" என்றார் செங்கோடன்.

பொங்கியண்ணன் எழுந்து ஷட்டரை முழுக்க மேலே தள்ளினார். வெயில் உள்ளே வந்தது. அன்றைக்கு ஒருவரை ஒருவர் விட்டுப் பிரிவதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். முதலில் கோழிப்பண்ணைக்குப் போனார்கள். வாசலில் ஆள் விட்டுக் கூப்பிட, சம்பூரணம் முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள். தலையில் தவிட்டுத் தூசி படிந்திருந்தது. செங்கோடன் வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். தட்டு வீசிய நாளைப் பற்றிச் சொன்னார். காலையில் குடங்களை நிரப்பிவைத்ததையும் சொன்னார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு என்னையப் புடிக்காமப் போயிருச்சுன்னு நெனச்சனுங்க" என்றாள் கடைசியில். "அதனாலதான் கேக்கறதை விட்டேன்."

பிறகு பொங்கியண்ணன் பக்கம் திரும்பி, உங்கள் வீட்டில் தெரியுமா என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்தார். அப்படியென்றால் அங்கேயும் போக வேண்டும் என்று அவளே முன்னால் நடந்தாள். செங்கோடனின் மணிக்கட்டைப் பஸ்ஸிலும் அவள் விடவில்லை.

அன்று சாயங்காலம்தான் செங்கோடனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பட்டறைக்குள் நுழைந்ததிலிருந்து தம்பிக்காரன் எதற்கு வாயே திறக்கவில்லை. ஏன் என்று அவனிடம் கேட்டார்.

"நீ ஒரு ஆளைப் பாத்துக்கிட்டிருந்த" என்றான் எதற்கு. "நடுவுல கேக்க எனக்கு எடமே கெடைக்கல."

அந்த வாரமே இரண்டு குடும்பத்தாரும் சேர்ந்து பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் காத்திருந்தார். ஒன்றுமில்லை முந்திக்கொண்டு பதில் சொன்னபோது, சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்று செங்கோடனைப் பார்த்தார். மாத்திரை கொடுத்தார். சீக்கிரம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. தொடர்ந்து வாருங்கள், வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் என்றார்.

அவர் சொன்னது போலவே அது மெதுவாகத்தான் நடந்தது. தூக்கம் ஒரு நாள் திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. பசி அதன் பின்னால் வந்தது. ஒன்றுமில்லை ஒரேயடியாகப் போய்விடவில்லை. சில காலைகளில் வாசற்படியில் வந்து நிற்பான். அப்போது செங்கோடன் பொங்கியண்ணனுக்குப் போன் போடுவார். வந்திருக்கிறான் என்பார். இங்கேயும்தான், டீயைக் குடித்துவிட்டு வருகிறேன், இரு என்பார் பொங்கியண்ணன். பிறகு செங்கோடன் பகல் நேரங்களில் பட்டறையில் போய் உட்கார ஆரம்பித்தார். டயர் மாற்றக் காத்திருக்கும் டிரைவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். பேச்சு வராதவர்களிடம் பேசாமலும் உட்கார்ந்திருப்பார். அது வேலையா என்று அவருக்கே தெரியாது.

மழைக்காலம் தொடங்கியபோது, டாக்டரம்மாவைப் பார்க்க இருவரும் மறுபடி போயிருந்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் நீள பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். முதல் தடவை வந்தபோது செங்கோடன் தலையே நிமிரவில்லை. இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தார். ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மப்டியில் இருந்தாலும் முடிவெட்டில் போலீஸ்காரர் என்று தெரிந்த ஒருவர், துண்டைத் தோளில் போட்ட விவசாயி ஒருவர், சட்டைப் பையில் பேனா குத்திய வாத்தியார் மாதிரி ஒருவர். எல்லோரும் அவரவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் சாம்பல் நிறச் சட்டையோடு ஒருவன், காலை அகட்டி உட்கார்ந்திருந்தான். பெஞ்சுகள் நிறைந்து வழிந்தன.

அப்போது மழையில் நனைந்து ஒருவர் உள்ளே வந்தார். கையில் சீட்டு வைத்திருந்தார். உட்கார இடம் தேடிக் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கும் இடம் இல்லை. சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவர் கண் வெளிவாசல் பக்கம் போனது. கையிலிருந்த சீட்டை மெல்ல மடித்தார்.

செங்கோடன் தன் பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்திரி" என்றார். "ஆள் உக்காரணும்."

ஒன்றுமில்லை எழுந்து நின்றான்.

பெஞ்சில் இடம் இருந்தது.